சான்டியாகோவிலிருந்து ஒரு மாப்பிள்ளை

டேவிட் மாமா செல்போனைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். "சென்னை விமான நிலையத்திற்கும் சான்டியாகோ விமான நிலையத்திற்கும் இடையிலான தூரம் பதினாறாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பயண நேரம் சுமார் பத்தொன்பது மணி நேரம். மேகங்களின் மேல் மிதந்தபடி உங்கள் பயணம் இனிமையாக அமைய வாழ்த்துகள்!" வாசித்து முடித்துவிட்டு, ஆமென் சொல்ல ஆள் தேடுகிறவர்போல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

பஜ்ஜித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த ஜெபிஷாவுக்குக் காது மடல் சுட்டது. மேகங்களின் மேல் மிதந்தபடி. அது அவள் எழுதிய வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், கீழே இரும்பு சீவுகிற சத்தம் நாற்காலிக் கால் வழியாக முதுகுத்தண்டுக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், டப்பாவில் கட்டிக்கொண்டு போன தக்காளி சாதத்தைத் தின்றுகொண்டே இடது கையால் தட்டிய வரி. விமானத்தையே அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம் அவளுக்கு. மேகத்தின்மேல் எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வேலை அப்படி. உலகத்தில் இருக்கிற ஏதோ ஒரு விமான நிலையம், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு விமான நிலையம், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று இணையத்தில் பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டும். உருண்டையின்மேல் இரண்டு புள்ளி, நடுவே ஒரு நூல். நூலின் நீளத்தை ஏதோ ஒரு வேகத்தால் கணினி வகுத்துக் கொடுக்கும். அந்த நூலின்மேல் ஒரு விமானமாவது பறக்கிறதா, பறந்தால் எந்த ஊரில் இறக்கி எந்த ஊரில் ஏற்றுவான் என்பதெல்லாம் கணக்கில் வராது. சேர்ந்த புதிதில் முதலாளி சம்பத்திடம் இதைக் கேட்டாள். அவன் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. "யாரும்மா இத நம்பி பொட்டி கட்டப் போறான்? வருவான், விளம்பரத்தப் பாப்பான், போயிகினே இருப்பான்" என்றான். என்ன ஜென்மம் இது என்று அன்று அவள் நினைத்தாள். இப்போது, தன் சொந்தத் தாய்மாமன், ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடம் போர் டாங்கிக்குப் பல்சக்கரம் பொருத்திய மனிதர், அதை நம்பி ஒரு கல்யாணத்தையே பொட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் அவளுக்குத்தான். மாப்பிள்ளை மேக்ஸ்வெல் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். போன மாதமே கரைக்கு வந்திருக்க வேண்டியவன். அவனுக்கு மாற்றாக ஏற வேண்டிய ஆள் எங்கேயோ சிக்கிக்கொள்ள, கப்பல் அவனையும் இழுத்துக்கொண்டு சிலி நாட்டுக்குப் போய்விட்டது. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துறைமுகத்தில் இறங்குவான். பக்கத்திலிருக்கும் பெரிய விமான நிலையம் சான்டியாகோ. கல்யாணம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, நெமிலிச்சேரி சபையில். இது ஒத்து வருமா, வராதா என்று பேசத்தான் அவன் அம்மா வசந்தகுமாரி பூந்தமல்லியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"எனக்கு என்னமோ நெருக்கிப் புடிக்கிற மாதிரி இருக்கு தம்பி. ஈஸ்டருக்கு அப்புறம் வச்சுக்கலாமே?"

"இன்னா சம்பந்திம்மா நீங்க!" டேவிட் மாமா சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டார். "புதன்கிழமை சாம்பல் புதன். லெந்து நோன்பு ஆரம்பிச்சா நாப்பது நாளைக்கு போதகர் ஐயா கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாரு. கல்யாண அறிவிப்புல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, வர்ற ஞாயிறு மூணாவது ஓலை. சபை மொத்தமும் காதுல வாங்கிக்கினு கீது. இப்ப போயி தள்ளி வச்சா, பொண்ணுக்கு இன்னா கொறைன்னு ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்லுவான். நான் ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. நமக்குத் திங்கக்கெழமை விடியறப்ப அவங்களுக்கு இன்னும் ஞாயித்துக்கெழமைதான். எட்டரை மணி நேரம் பின்னால ஓடுது. அது மொத்தமும் மாப்ளைக்கு லாபம்! பத்தொம்பதுல எட்டரைய கழிங்க. பத்தரை மணி நேரத்துல வந்து எறங்கறான். ஒரு தூக்கம் போட்டுட்டே கோட்டு மாட்டலாம்."

ஜெபிஷா பஜ்ஜித் தட்டை டீப்பாய்மேல் வைத்தாள். சிரிப்பு நெஞ்சுக்குழி வரை வந்து நின்றது. கிழக்கே வருகிறவனுக்கு அந்த எட்டரை மணி நேரம் நஷ்டம் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். அம்மா ஜெயசீலி, தம்பி சொன்ன கணக்கைக் கேட்டு அப்படியே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் டேவிட் மாமா சொன்னால் சூரியன்கூட மேற்கில் உதிக்கக் கடமைப்பட்டது.

வசந்தகுமாரிக்கு மட்டும் தெளியவில்லை. அவள் மாமாவை விட்டுவிட்டு ஜெபிஷாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. நீ இந்த வேலைதான செய்ற? உனக்குத் தெரிஞ்சிருக்கும். நேரம் பத்துமா?"

கூடம் அவளைப் பார்த்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றது.

முடியாது என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு ஒழுங்காக, நிதானமாக, தப்பவே முடியாதபடி நடந்துவிடும். அதுதான் சிக்கல். ஜெபிஷாவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நாலாவது வரனும் தட்டிப்போன பிறகு, அம்மாவின் மூக்குறிஞ்சலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஐந்தாவதாக வந்தவனுக்குத் தலையாட்டித் தொலைத்தாள். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று புரிந்தது. வருடத்தில் ஒன்பது மாதம் அவன் கடலில். அந்த ஒன்பது மாதமும் பூந்தமல்லியில் வசந்தகுமாரிக்கு வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, ராத்திரி சீரியலுக்குத் துணை உட்கார ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்குத்தான் மோதிரம். அவனும் வீடியோ காலில் வந்தால் தன் பம்பைப் பற்றிப் பேசினான். வால்வு ஒழுகியதைப் பற்றிப் பேசினான். கப்பல் சமையல்காரன் போடும் உப்பைப் பற்றி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசினான். ஒரு முறை அவளே வலியப்போய்த் தன் வேலையை, அந்த நூல் கணக்கை விளக்கினாள். "ஓ" என்றான். அந்த 'ஓ'வை அவள் மன்னிக்கவே இல்லை.

பீடம் வரை போய் நின்றுபோன கல்யாணத்தை எந்தக் குடும்பமும் இரண்டாம் தடவை தொடாது. ராசி இல்லை என்று மற்றவர்கள் சொல்வதைச் சபைக்காரர்கள் ஆண்டவருக்குச் சித்தமில்லை என்று சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வேண்டாம் என்று அவள் சொன்னால் அவள் திமிர் பிடித்தவள். விமானம் வரவில்லை என்றால் யார்மேல் குற்றம்?

"கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு, அத்தை" என்றாள் ஜெபிஷா.

பொய்யில்லை. பதினாறாயிரத்து முந்நூறை வகுத்தால் பத்தொன்பதுதான் வரும். வசந்தகுமாரி பெருமூச்சு விட்டு ஒரு பஜ்ஜியை எடுத்தாள். டேவிட் மாமா தொடையில் தட்டி, "அவ்ளோதான்!" என்றார்.

அன்று சாயங்காலம் கடலிலிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'அம்மா உன்கிட்ட பேசினாங்களா?' அவள் ஜாக்கெட் அளவைப் பற்றியாக இருக்கும் என்று நினைத்து, 'ம்' என்று அனுப்பினாள். கட்டைவிரலுக்கு அதற்குமேல் உழைக்க மனமில்லை.

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்டபோது சபையில் ஒரு குழந்தை மட்டும் அழுதது. ஜெபிஷா குனிந்து பாட்டுப் புத்தகத்தின் நூல் பிரிந்த முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடை தெரிந்த ஒரே ஆள்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி அனுப்பிய டிக்கெட் வந்தபோது வீட்டில் இடி விழுந்தது. அவன் சான்டியாகோவில் ஏறி, சாவோ பாவ்லோவில் இறங்கிக் காத்திருந்து, தோஹாவில் இறங்கி மறுபடி காத்திருந்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரைக்குத்தான் சென்னையில் தரை தட்டுவான். டேவிட் மாமாவின் முகம் ஒரு கணம் தொங்கியது. ஒரு கணம்தான். "பாத்தியாக்கா, கம்பெனிக்காரன் காசப் பாத்து ஊர் சுத்த வச்சு அனுப்பறான்! நேரா உட்டுருந்தான்னா பத்தொம்பது மணி நேரந்தான்" என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார். நேராக விட அங்கே விமானமே கிடையாது என்ற எண்ணம் அவர் மண்டையின் எந்த ஓட்டை வழியாகவும் நுழையவில்லை. ஓடிப்போய்ப் போதகரைப் பார்த்து ஆராதனையை ஆறு மணிக்குத் தள்ளி வைத்துவிட்டு, போரில் ஜெயித்தவர்போல் திரும்பினார். "ஐயா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. ஏழு மணிக்கு மேல சட்டம் எடங்குடுக்காதாம். கிறிஸ்தவக் கல்யாணச் சட்டத்துலயே எழுதிக்கீதாம், காலைல ஆறுலருந்து சாயங்காலம் ஏழுக்குள்ள. நமக்கு அது போதுமே!"

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கே கோயில் நிரம்பிவிட்டது. வெள்ளைப் பட்டும் தலையில் வெள்ளை நெட்டுமாக முதல் வரிசையில் அவளை உட்கார வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வாய்கள். அத்தனையும் தாழ்ந்த குரலில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தன. தோஹாவில் கிளம்பும்போதே லேட்டாம். இல்லை, மும்பைக்கு மேலே வட்டமடிக்கிறதாம். என் மச்சான் மகன் டொரன்டோவிலிருந்து வர இருபத்திரண்டு மணி நேரம் ஆகும், இது அதைவிட தூரம். என் மருமகன் குவைத்து, நாலு மணி நேரத்தில் சட்டுனு வந்துடுவார். அட, குவைத்தெல்லாம் ஒரு ஃபாரினா? ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள் எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்த ஜனங்கள் ஒருவருக்கொருவர் நாற்காலி போடுகிறார்கள் என்று ஜெபிஷாவுக்கு எப்போதோ தெரியும். தூரம் கூடக் கூட மரியாதை. பிள்ளை சந்திரனில் வேலை பார்த்தால் காலில் விழுவார்கள்.

பாடகர் குழு தெரிந்த பாமாலைகளையெல்லாம் பாடித் தீர்த்து, கிறிஸ்துமஸ் பாட்டுக்குள் நுழையலாமா என்று ஆர்கன்காரரைப் பார்த்தது. ஐந்தே முக்காலுக்கு, விமானம் ஐந்து மணிக்கே இறங்கிவிட்டதாக டேவிட் மாமா அறிவித்தார். யாரோ கை தட்டினார்கள். கோயிலில் கை தட்டலாமா என்று வேறு யாரோ கடிந்துகொண்டார்கள். ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. மாப்பிள்ளையை ஏற்றிவரப் போன டிரைவர் யூசுப்பின் குரல் மாமாவின் செல்போனில் ஸ்பீக்கர் வழியாகப் பீடம் வரை கேட்டது.

"அண்ணாத்தே, மாப்ள வண்டில ஏறிட்டாரு. பைபாஸ் புடிச்சிட்டோம். ஆனா வானகரத்துல இன்னாமோ லாரி பொரண்டு கெடக்குதாம். வண்டி நவுரவே மாட்டேங்குது நைனா."

"ஹாரன் அடிச்சிகினு பூந்து வாய்யா!"

"எங்க பூர்றது? முன்னாடி பஸ்ஸு, சைடுல தண்ணி லாரி. நா இன்னா றெக்கையா கட்டிக்கினு வர முடியும்?"

ஜெபிஷா நெட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று கண்டம் தாண்டி வந்தவன் வானகரத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்கிறான். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே ஒன்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அம்மா பக்கத்தில் கண்ணை மூடி உதட்டை அசைத்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கைக்குட்டை நனைந்து, முறுக்கி, கயிறாகிவிட்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக ஜெபிஷா பீடத்தின் மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள்.

ஆறரைக்கு டேவிட் மாமா போதகரிடம் ஒரு யோசனையோடு போனார். "ஐயா, வீடியோ கால்ல மாப்ளையக் கூப்பிட்றேன். இந்த ஸ்திரீயை ஏத்துக்கிறியான்னு நீங்க கேளுங்க, அவன் சம்மதம்னு சொல்லட்டும். மோதிரத்த வந்து மாட்டிக்கட்டும்."

"டேவிட், இது மளிகைக் கடை ஆர்டர் இல்ல."

"அப்ப அந்தக் கடியாரத்தயாச்சும் ஒரு அரை மணி பின்னால தள்ளலாமே? சாட்சி நம்ம ஆளுங்கதான?"

போதகர் தன் மணிக்கட்டை அங்கியிலிருந்து வெளியே எடுத்து, கைக்கடிகாரத்தை மாமாவின் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாமா திரும்பி, சிரித்தவன் யார் என்று தேடினார். பின் வரிசை மொத்தமும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கூட்டத்தின் நடுவே மெதுவாக ஒரு வாசனை நுழைந்தது. பக்கத்துக் கூடத்தில் பிரியாணி தம் திறந்துவிட்டார்கள். ஆறரை ஆயிற்று, கல்யாணம் முடிந்திருக்கும் என்று சமையல்காரன் கணக்கு. வாசனை வந்த திசையில் முதலில் குழந்தைகள் போனார்கள். குழந்தைகளைப் பிடிக்கத் தாய்மார்கள் போனார்கள். தாய்மார்களைத் தேடி ஆண்கள் போனார்கள். பத்து நிமிடத்தில் கோயில் பாதி காலி. தாலி ஏறாத கல்யாணத்துக்கு முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் இவர்கள் கவலை என்று ஜெபிஷா மனதுக்குள் காறித் துப்பினாள்.

ஆறே முக்காலுக்கு வசந்தகுமாரி வந்து அவள் முன்னால் நின்றாள். முகத்தில் பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது. தன் செல்போனை நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்மா."

ஜெபிஷா நெட்டை ஒதுக்கிக் காதில் வைத்தாள். ஹாரன்களின் நடுவே, வீடியோ காலில் கேட்டதைவிடச் சின்னக் குரல். பம்பும் வால்வும் இல்லாத குரல்.

"மணி என்ன ஆச்சு அங்க?"

"ஆறே முக்கால்."

"வர முடியாது. இன்னும் வானகரமே தாண்டல. ஜெபிஷா, ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழமை எறங்கி செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள்ள வர முடியாதுன்னு நான் அப்பவே அம்மாகிட்ட சொன்னேன். வருசா வருசம் போய் வர்றவன், எனக்குத் தெரியாதா? ஈஸ்டருக்கு அப்புறம் கேளுங்கன்னு சொல்லித்தான் அவங்கள அனுப்பினேன். மாமா எதையாச்சும் காட்டிப் பேசினா அத வுட்டுடுங்க, ஜெபிஷாவக் கேளுங்கன்னேன். ரெண்டு புள்ளிக்கு நடுவுல நூல் கட்டி அளக்கற கணக்கு, நெசத்துல அப்படி ஃப்ளைட் போகாதுன்னு நீதான் எனக்குச் சொன்ன. அதனால, அவ முடியும்னு சொன்னா மட்டும் நாள் வைங்கன்னு சொன்னேன். நீ சரின்னு சொன்னியாம்."

ஆர்கன்காரர் சும்மா இருக்க முடியாமல் ஒற்றைக் கட்டையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பேசினாங்களான்னு அன்னிக்கே உனக்கு மெசேஜ் போட்டேன். நீயும் 'ம்'னு போட்ட. சரி, அவளுக்கு வேற ஏதாச்சும் ரூட் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." அவன் லேசாகச் சிரித்தான். சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று கேட்கும்போதே தெரிந்தது. "தெரிஞ்சேதான் சொன்னியா?"

இத்தனை நாளாக அவள் மனதுக்குள் ஓர் அடுக்கு வைத்திருந்தாள். மாமா அடிமட்டம். அதற்குமேல் அம்மா. சம்பத், வசந்தகுமாரி, பின் வரிசை, முதல் பந்தி, எல்லோருக்கும் ஓர் இடம். இந்தக் குரலுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள், ஒரு 'ஓ'வை வைத்து. எல்லோரையும் அடுக்கிவிட்டு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கீழே கால் வைக்க இடம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லலாம். மாமாவைக் காட்டலாம். கணினியைக் காட்டலாம். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது.

"தெரியும்" என்றாள்.

"ஏன்?"

"வேணாம்னு சொல்ல வழி தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் கடல்லதான இருந்தேன், செத்தா போயிட்டேன்?" என்று கேட்டான். யூசுப் ஜன்னலுக்கு வெளியே யாரையோ அம்மா, அக்கா என்று இழுத்துத் திட்டுவது கேட்டது. "சரி. வர்றேன். வந்துட்டுப் பேசிக்கலாம்" என்றான் மேக்ஸ்வெல், எங்கேயோ கசியும் குழாயைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்வதுபோல. செல்போன் அணைந்தது.

"என்னம்மா சொன்னான்?" என்றாள் வசந்தகுமாரி.

"நேரம் பத்தாதுன்னு சொன்னாரு, அத்தை. உங்ககிட்ட நான்தான் தப்பா சொன்னேன். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

வசந்தகுமாரி அவளை வெகுநேரம் பார்த்தாள். அறைவாள் என்று ஜெபிஷா எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வசந்தகுமாரி செல்போனை வாங்கி, புடவை முந்தானையில் திரையைத் துடைத்து, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, மூன்றாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த அம்மா அத்தனையையும் கேட்டிருந்தாள். ஜெபம் நின்றிருந்தது. கண்ணைத் திறக்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஏழு அடித்தது. போதகர் வேதாகமத்தை மூடி, எல்லோரும் சமாதானத்தோடே போங்கள் என்பதுபோல் கையை உயர்த்தி, அப்படியே இறக்கிவிட்டு உள்ளறைக்குப் போனார். டேவிட் மாமா வாசலில் நின்று, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் லாரி புரண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் இப்போது லாரி இரண்டாகிவிட்டது. விமானம், கணக்கு, பத்தொன்பது மணி நேரம் எதுவும் அதில் இல்லை. அரசாங்கம் வானகரத்தில் ஒரு பாலம் சரியாகக் கட்டாததால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது, கோயில் வாசலில் கார் வந்து நின்றது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கையில் ஐஸ்கிரீம் கிண்ணம், மறு கையில் மரக் கரண்டி என்று ஜனங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி, கழுத்தில் இன்னும் கழற்றாத விமானத் தலையணை. டேவிட் மாமா பாய்ந்துபோய் மாலையை அவன் கழுத்தில் தலையணையோடு சேர்த்துப் போட்டார். "சொன்னேன்ல! வந்துருவான்னு நான் சொன்னேன்ல!" என்று நாலு பக்கமும் திரும்பிக் கத்தினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேக்ஸ்வெல் மாலையைக் கழற்றி, மாமாவின் கையிலேயே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். தன் அம்மாவின் தோளைத் தொட்டு ஏதோ கேட்டான். வசந்தகுமாரி சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் கை காட்டினாள்.

கோயிலின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஜெபிஷாவுக்குச் சாப்பாட்டுக் கூடம் தெரிந்தது. மேசைகளைத் துடைத்து மடக்கிக்கொண்டிருந்தார்கள். மடக்காத கடைசி மேசையில் அவன் தனியாகப் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தான். தூங்கிவிட்டானோ என்று தோன்றியது.

ஜெபிஷா எழுந்தாள். "எங்கடி போற?" என்று அம்மா கண்ணைத் திறந்தாள். பட்டுப் புடவையின் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்த நெட் தரையில் இழுபட, அவள் பக்கவாசல் வழியாக இறங்கி நடந்தாள். கொட்டிக் கிடந்த சிவப்பு ரோஜா இதழ்கள் செருப்பில் ஒட்டின. கூடத்தில் இருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அவனுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான். கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்தான், அவள் தலையில் இருந்த நெட்டைப் பார்த்தான். பரிமாறுகிற பெரியவர் அவன் முன்னால் ஒரு வாழை இலையைப் போட்டார். ஒரு கணம் யோசித்து, கேட்காமலேயே அவள் முன்னாலும் ஒன்றைப் போட்டார். மேக்ஸ்வெல் தம்ளரிலிருந்து தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் தன் இலையைத் துடைத்து, கீழே வடித்தான். அவள் இலை காய்ந்தபடியே சுருண்டு கிடந்தது.

அவன் இலையில் பிரியாணி விழுந்தது. பெரியவர் அண்டாவைச் சுரண்டி இன்னொரு கரண்டி அள்ளி, அவள் இலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். ஆவி அவள் முகத்துக்கு ஏறியது.

"உங்களுக்கும் வைக்கட்டுமாம்மா?" என்றார். கரண்டியின் விளிம்பில் ஒரு முட்டை உருளப் பார்த்து, உருளாமல் நின்றது.